சுளுக்கு இல்லாத இடத்துல சுளுக்கு எடுக்கறது

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பிசியோவும் இல்லை. ஒரு காலத்துல ஊர்ல கபடி ஆடிட்டு, இப்போ நாற்காலியில உட்கார்ந்து தொப்பை வளர்க்கறவன். இந்தப் பதிவை எழுதறதுக்குக் காரணம், என் அக்கா பையனோட எட்டு மாசம் வீணாப் போனதுல பாதிப் பழி என்னோடது. கொஞ்சம் நீளம். பொறுமை இருக்கறவங்க படிங்க.

பையனுக்குப் பதினேழு வயசு. அரூர் பக்கம் எங்க ஊர் டீம்ல ரைடர். நல்லா ஆடுவான் (மாமன்ங்கறதால சொல்லலை, எதிர் டீம்காரங்களே சொல்லுவாங்க). போன வருஷம் பொங்கல் மேட்ச்ல போனஸ் கோட்டைத் தொடறதுக்குக் காலை எட்டிப் போட்டிருக்கான். உள்தொடையில சுருக்குனு இழுத்திருக்கு. ராத்திரி மேட்ச், உடம்பு சூடா இருந்ததால ஆடி முடிச்சுட்டான். விடிஞ்சு எந்திரிச்சா கட்டில்ல இருந்து காலை இறக்க முடியலை. அக்கா என்னடான்னு கேட்டா "இடுப்பு வலிம்மா"ன்னு சொல்லியிருக்கான்.

சிக்கல் இங்கயே ஆரம்பிச்சுடுது. வலி இருக்கற இடம் அப்படி. கவட்டையில வலின்னு அம்மாகிட்ட எந்தப் பையன் சொல்லுவான்? இடுப்புன்னு சொல்லுவான், தொடைன்னு சொல்லுவான், அடிவயிறுன்னு சொல்லுவான். பொம்பளைப் பிள்ளைங்க அதையும் சொல்ல மாட்டாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிட்டே இருப்பாங்க. பெரியவங்க காதுக்கு வந்து சேர்றப்போ அது "சுளுக்கு" இல்லைன்னா "நெறி கட்டியிருக்கு", இந்த ரெண்டுல ஒண்ணா ஆயிடும். ரெண்டுக்கும் எங்க ஊர்ல ஒரே வைத்தியம்தான். வெளக்கெண்ணெய் போட்டு வழிச்சு விடறது.

அக்கா எனக்குத்தான் போன் பண்ணுச்சு. நான் யோசிக்கவே இல்லை. "பெரியவர்கிட்ட கூட்டிட்டுப் போ, ரெண்டு நாள்ல சரியாயிடும்"னுட்டேன். அப்புறம் நானே லீவு போட்டு வந்து கூட்டிட்டும் போனேன். ஏன்னா இருபது வருஷத்துக்கு முன்னாடி என் கணுக்காலை அதே பெரியவர்தான் வழிச்சு விட்டார், மூணாம் நாள் நான் கிரவுண்ட்ல இருந்தேன். (அந்தக் கணுக்கால் தானாவே மூணு நாள்ல சரியாகியிருக்குமோன்னு இப்போதான் தோணுது.)

பெரியவரைப் பத்தித் தப்பா எழுத எனக்கு மனசு வரலை. காசு கேட்க மாட்டார், குடுக்கறதை வாங்கிக்குவார். கையில அப்படி ஒரு பக்குவம். தொட்ட உடனே எந்தச் சதை இறுகிக் கிடக்குன்னு கண்டுபிடிச்சுடுவார். இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. சித்த மருத்துவத்துல புற மருத்துவ முறைகள் 32. அதுல தொக்கணம்னு ஒண்ணு, கையால செய்யற வைத்தியம்தான். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல்னு அதுக்குள்ள ஒன்பது வகை சொல்லி வச்சிருக்காங்க. இப்போ 'மேனுவல் தெரபி'ன்னு இங்கிலீஷ்ல போர்டு மாட்டிச் செய்யறதுல முக்கால்வாசி இந்த ஒன்பதுக்குள்ள அடங்கிடும்.

பெரியவர் வழிச்சு விட்டார். பையன் வர்றப்போ நொண்டிட்டு வந்தான், போறப்போ நேரா நடந்து போனான். நான் எதிர்பார்த்தது அதைத்தான்.

அஞ்சு நாள் நல்லா இருந்தான். ஆறாம் நாள் கிரவுண்ட் போனான், திரும்பப் பிடிச்சுக்கிச்சு. திரும்பப் பெரியவர். இப்படியே மாசி, பங்குனி, சித்திரை... ஆவணி வரைக்கும் ஓடுச்சு. நடுவுல திருவிழா மேட்ச்சுக்கு யாரோ ஊசி போட்டுக்கிட்டு ஆடச் சொல்லி, அதையும் செஞ்சிருக்கான். கடைசியில பெரியவரே "எலும்பு விலகியிருக்கு கண்ணு, அதான் நிக்க மாட்டேங்குது"ன்னுட்டார்.

இந்த "எலும்பு விலகியிருக்கு" விஷயத்தைக் கொஞ்சம் பார்க்கணும். இடுப்பு மூட்டுங்கறது கிண்ணத்துக்குள்ள பந்து உட்கார்ந்த மாதிரி. ஆழமான கிண்ணம், சுத்தியும் உடம்புலயே பலமான தசைநார்கள். அந்தப் பந்து நிஜமாவே கிண்ணத்தை விட்டு வெளிய வந்தா (பெரும்பாலும் வண்டி விபத்துலதான் வரும்) ஆளால எந்திரிச்சு நிக்கவே முடியாது. சில மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில வச்சு உள்ள தள்ளியாகணும், இல்லைன்னா பந்துக்கு ரத்தம் போறது நின்னுடும். நடந்து வந்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கறவனுக்கு இடுப்பெலும்பு விலகலை. விலகாததை உட்கார வைக்கவும் முடியாது.

அப்போ வழிச்சு விட்டதும் வலி குறைஞ்சது பொய்யா? பொய் இல்லை. அடிபட்ட இடத்தைச் சுத்தி உடம்பு சதையை இறுக்கி வச்சுக்கும், பாதுகாப்புக்கு. சூடும் எண்ணெயும் அழுத்தமும் பட்டா அந்த இறுக்கம் தளரும், மூளைக்குப் போற வலிச் செய்தியும் அடங்கும். கொஞ்ச நேரத்துக்கோ, கொஞ்ச நாளைக்கோ. ஆனா உள்தொடைத் தசை இடுப்பெலும்புல ஒட்டற இடத்துல பலம் குறைஞ்சு போனது அப்படியேதான் இருக்கும். வலி இல்லைன்னு நம்பி அதே பலவீனமான இடத்துல முழு வேகத்துல காலை எட்டிப் போட்டா மறுபடி இழுக்காம என்ன செய்யும்?

இதை எனக்குப் புரிய வச்சவங்க சேலத்துல ஒரு பிசியோ. சின்னப் பொண்ணுதான். ஆவணிக்கு மேல ஒரு நாள் பையனைக் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடு, மிஷின்ல படுன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அவங்களும் கையைத்தான் எடுத்தாங்க! ஆனா வழிக்கறதுக்கு இல்லை. முதல்ல என்னை வெளிய உட்காரச் சொல்லிட்டு அவன்கிட்ட தனியாப் பேசினாங்க. எட்டு மாசத்துல முதல் தடவையா எங்க வலிக்குதுன்னு சரியாச் சொன்னான். அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. ரெண்டு முட்டிக்கும் நடுவுல அவங்க முஷ்டியை வச்சு நசுக்கச் சொன்னாங்க. ரைடு போறப்போ ஆளை இழுத்துட்டு வர்ற பையன், ஒரு பொண்ணோட கையை நசுக்க முடியாம முகம் சுளிச்சான். காலைத் தூக்கி உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பினாங்க. இரும வச்சு அடிவயித்துல கை வச்சுப் பார்த்தாங்க. ராத்திரி வலி உண்டா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைச்சிருக்கான்னு கேட்டாங்க.

அவங்க சொன்ன பேரை வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 2014 நவம்பர்ல கத்தார் நாட்டு தோஹாவுல 14 நாடுகளைச் சேர்ந்த 24 நிபுணர்கள் கூடி, விளையாட்டுக்காரங்களோட கவட்டை வலியை வகை பிரிச்சிருக்காங்க. உள்தொடைத் தசை, முன்பக்கம் காலைத் தூக்கற தசை, அடிவயித்து மடிப்பு, நடு இடுப்பெலும்புன்னு நாலு. இடுப்பு மூட்டுல இருந்தே வர்ற வலி தனி. இது எதுலயும் சேராத மத்ததெல்லாம் தனி. நம்ம ஊர்ல இது அத்தனைக்கும் சேர்த்து "சுளுக்கு"ன்னு ஒரே வார்த்தை.

நம்ம அஸ்வினையே எடுத்துக்கங்க. 2017 ஐ.பி.எல். முழுசும் ஆடலை, 'ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா'ன்னு பேப்பர்ல போட்டாங்க. பேர்தான் ஹெர்னியா, குடல் எதுவும் இறங்கறதில்லை. அந்த நாலுல அடிவயித்து மடிப்பு வகை அது. அடுத்த வருஷம் இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் டெஸ்ட்ல இடுப்பு, கவட்டைத் தொந்தரவோட பந்து போட்டார், இந்தியா 60 ரன்ல தோத்தது, ஓவல் டெஸ்ட்ல அவர் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்ல (2024 ஆகஸ்ட் 8) நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிஞ்சு வெள்ளி வாங்கினதும் கவட்டை வலியோடதான். ஆறு எறியில அஞ்சு ஃபவுல். கூடவே பிசியோ, டாக்டர் வசதியெல்லாம் இருக்கறவங்களுக்கே இந்தக் கதி. புழுதி கிரவுண்ட்ல ஆடற பையனைக் கேட்கவா வேணும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். டென்மார்க்ல ஹோல்மிக்னு ஒரு டாக்டர், 1999ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். நாள்பட்ட உள்தொடை வலி இருக்கற விளையாட்டுக்காரங்க 68 பேர். பாதிப் பேருக்கு லேசர், கரண்ட், குறுக்குவாட்டுல தேய்ச்சு விடறது, தசையை இழுத்து விடறதுன்னு படுக்க வச்சுச் செய்யற வைத்தியம். மீதிப் பேருக்கு உடற்பயிற்சி மட்டும். எட்டுல இருந்து பன்னெண்டு வாரம். பயிற்சியில முதல் வேலையே காலுக்கு நடுவுல ஃபுட்பாலை வச்சு 30 செகண்ட் நசுக்கறது, பத்து தடவை. கடைசி வரைக்கும் இருந்தவங்கள்ல, பயிற்சி செஞ்ச 29 பேர்ல 23 பேர் வலி இல்லாம ஆட்டத்துக்குத் திரும்பினாங்க. படுக்க வச்சுப் பார்த்த 30 பேர்ல எத்தனை தெரியுமா? 4 பேர்.

நாலு பேர்!

இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டு மாசம் நான் அவனை அந்த முப்பது பேர் வரிசையில நிக்க வச்சிருக்கேன்.

இதுல பெரியவரை மட்டும் குத்தம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. டவுன்ல நிறைய இடத்துல நடக்கறதும் அதேதான். பத்து நாள் கரண்ட், பத்து நாள் அல்ட்ராசவுண்ட், ஒரு சீட்டு, ஒரு பில். ஒரு பயிற்சி கூடச் சொல்லித் தர மாட்டாங்க. அது மிஷின் வச்ச சுளுக்கு வைத்தியம், அவ்வளவுதான். பெரியவராவது ஊர்க் கதை பேசுவார்.

அப்போ கை வைத்தியமே வேண்டாமான்னா, அப்படியும் இல்லை. 2011ல நெதர்லாந்துக்காரங்க 54 பேரை வச்சு இன்னொரு ஆராய்ச்சி செஞ்சாங்க. ஒரு பக்கம் சூடு வச்சு, ஒரு கையால உள்தொடைத் தசையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால காலைத் திருப்பி அசைக்கற கை வைத்தியம், கூட வீட்ல தசையை இழுத்து விடறது. இன்னொரு பக்கம் பயிற்சி. கை வைத்தியக்காரங்க சராசரி 12.8 வாரத்துல ஆட்டத்துக்கு வந்தாங்க, பயிற்சிக்காரங்க 17.3 வாரத்துல. நாலு வாரத்துக்கு மேல வித்தியாசம், ஒரு சீசன்ல அது சின்ன விஷயம் இல்லை. ஆனா ரெண்டு பக்கமும் முழுசாத் திரும்பினது ஏறக்குறைய பாதிப் பேர்தான். ரெண்டுமே பெரிசாப் பலன் தரலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருந்தது.

ஆக என் கட்சி இதுதான். கை வலியைக் குறைக்கும். வலி குறைஞ்ச அந்த நாலு நாளை என்ன செய்யறோம்ங்கறதுலதான் இருக்கு. நாங்க அந்த நாலு நாள்ல மேட்ச் ஆடினோம். சேலத்துப் பொண்ணும் பத்து நிமிஷம் கையால தளர்த்தி விட்டாங்க, உடனே பந்தை எடுத்துக் குடுத்து நசுக்குன்னாங்க. "வலி குறைஞ்ச கேப்ல வேலை வாங்கணும் சார், இல்லைன்னா நான் எத்தனை நாள் தேய்ச்சாலும் வேஸ்ட்"னாங்க.

பெரியவர் வீட்டுத் திண்ணையைப் பத்தியும் சொல்லியாகணும். அங்க வரிசையில உட்கார்ந்திருக்கறவங்க எல்லாரும் ஆட்டக்காரங்க இல்லை. பாதி வயசானவங்க, இடுப்பு மடங்காம, கழுத்து திரும்பாம. நம்ம மாவட்டத்துத் தண்ணி தெரிஞ்ச கதை. நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வர்ற வரைக்கும் போர் தண்ணியைக் குடிச்சே வளர்ந்த தலைமுறை. பல்லுல கறை ஏறினது வெளிய தெரியும். எலும்புல ஏறினா தசைநாரே கல்லாகி மூட்டு இறுகிப்போகும். அந்த இடுப்பை முறுக்கி, மடக்கி எடுக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதே திண்ணையில ஒரு நாள் ஒரு பையனைப் பார்த்தேன். பதிமூணு வயசு இருக்கும். கொஞ்சம் குண்டு. ரெண்டு மாசமா முட்டி வலி, ஓட்டப்பந்தயத்துல விழுந்ததுன்னு அவங்க அம்மா சொன்னாங்க. முட்டியில வீக்கமே இல்லை. நடக்கறப்போ பாதம் மட்டும் வெளிப்பக்கமாத் திரும்பியிருந்தது. பெரியவர் முட்டிக்கு எண்ணெய் போட்டு வழிச்சுட்டு இருந்தார். நானும் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

சேலத்துல பேச்சுவாக்குல இதைச் சொன்னப்போ அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. பத்துல இருந்து பதினாறு வயசுக்குள்ள, வளர்ற எலும்புல, அந்தப் பந்து கழுத்துல இருந்து நழுவற நோய் ஒண்ணு இருக்காம். இடுப்புல நடக்கும், வலி முட்டியில தெரியும். பாதம் வெளிய திரும்பிக்கும். ரெண்டு இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சுடும். கண்டுபிடிச்ச நிமிஷத்துல இருந்து கால் ஊனக் கூடாது, ஆபரேஷன் பண்ணி ஸ்க்ரூ போடணும். முறுக்கினா இன்னும் நழுவும். "அந்தப் பையன் யாரு சார், எந்த ஊரு?"ன்னு கேட்டாங்க.

தெரியலை. நான் பேர் கேட்டு வச்சுக்கலை. அடுத்த வாரம் பெரியவரைப் போய்க் கேட்டேன், அவருக்கும் தெரியலை. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம்னு நினைக்கறேன்னார். அந்த அம்மாகிட்ட "ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க"ன்னு சொல்ல எனக்கு அன்னிக்கு விவரம் இருந்திருக்கணும்.

இது மாதிரி கை வைக்கவே கூடாத சிலதை அவங்க சொன்னதை எழுதிடறேன், யாருக்காவது உதவும். போலீஸ் செலக்‌ஷனுக்கும் ராணுவ செலக்‌ஷனுக்கும் விடியக்காலையில ரோட்ல ஓடற பிள்ளைங்களை நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் பார்க்கலாம். ஓட ஓடக் கவட்டையில வலி ஏறிக்கிட்டே போய், ராத்திரியும் வலிச்சா தொடையெலும்புக் கழுத்துல விரிசலா இருக்கலாம். சரியாச் சாப்பிடாம, மாதவிலக்கு தள்ளிப்போற பொண்ணுங்களுக்கு இது அதிகம். ஆரம்பத்துல எக்ஸ்ரேயில கூடத் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேணும். தேய்ச்சு விட்டுட்டு ஓட விட்டா முழுசா உடையும். இருமினா அடிவயித்து மடிப்புல புடைக்குதுன்னா அது குடலிறக்கம், சர்ஜனைப் பார்க்கணும், வழிக்கக் கூடாது. பையனுக்குத் திடீர்னு விதையில தாங்க முடியாத வலி, கூட வாந்தின்னா வெட்கமெல்லாம் பார்க்காதீங்க, விதை முறுக்கிட்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். தர்மபுரியில 2008ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு, அரூர்ல இருந்து ஒரு மணி நேரத்துப் பாடு.

டோர்னமெண்ட் நடத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ளெக்ஸுக்கும் ஃபோகஸ் லைட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் எவ்வளவு செலவு பண்றோம்னு எனக்கே தெரியும், நானும் வசூலுக்குப் போனவன்தான். மூணு ராத்திரிக்கு ஒரு பிசியோவைக் கொண்டாந்து உட்கார வைக்க ஒரு ஃப்ளெக்ஸ் காசு ஆகுமா? ஊசி போட்டு ஆட வைக்கறதுக்கு மட்டும் ஆள் கிடைக்குது. நார்வேல 35 கால்பந்து டீமை வச்சுப் பார்த்திருக்காங்க (2019ல வந்தது). ஒருத்தன் காலை இன்னொருத்தன் பிடிச்சுக்க, பக்கவாட்டுல படுத்து உடம்பைத் தூக்கி இறக்கற ஒரே ஒரு பயிற்சி. சீசனுக்கு முன்னாடி வாரம் மூணு தடவை, சீசன்ல வாரம் ஒண்ணு. கவட்டைத் தொந்தரவு வர்ற வாய்ப்பு 41 சதவீதம் குறைஞ்சிருக்கு. பந்து வேண்டாம், மிஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கூட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். கபடி டீம்ல ஆளுக்கா பஞ்சம்?

பெரியவர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கோவிச்சுக்குவார்னு பயந்துட்டேதான் போனேன். முழுசாக் கேட்டுட்டு, "அந்த நசுக்கச் சொல்றது எப்படி, காட்டு"ன்னார். காட்டினேன். தன் முஷ்டியை என் முட்டிக்கு நடுவுல வச்சு நசுக்கச் சொல்லிப் பார்த்தார். இப்போ கவட்டை வலின்னு வர்ற பசங்களை முதல்ல அப்படித்தான் பார்க்கறாராம். வழிச்சும் விடறார், கேட்க மாட்டார். ஆனா சின்னப் பையன் நொண்டிட்டு வந்தா "போட்டோ புடிச்சுட்டு வா"ன்னு அனுப்பிடறாராம் (எக்ஸ்ரேயைத்தான் சொல்றார்).

அக்கா பையனுக்கு இது பதினாறாவது வாரம். ஜூனியர் செலக்‌ஷன் போயே போச்சு, அந்த வயசு திரும்ப வராது. அதைப் பத்தி அவன் என்கிட்ட ஒண்ணும் கேட்கலை. நானும் சொல்லலை. இப்போ ரைடு போறான், முக்கால் வேகத்துல. தினம் சாயங்காலம் வாசல்ல பாய் விரிச்சு, தம்பியைக் காலைப் பிடிக்கச் சொல்லி அந்த நார்வேக்காரங்க பயிற்சியைச் செய்யறான். எங்க அம்மா அதைப் பார்த்துட்டு, "அடிபட்ட காலைப் போட்டு ஏன்டா இப்படி வதைக்கறீங்க, ரெண்டு சொட்டு எண்ணெய் போட்டு வழிச்சா போகாதா"ன்னு இன்னும் திட்டிட்டு இருக்கு.